வீட்டுப் பெட்டி: ஒரு பழைய ஆர்மோனியத்தைச் சரிசெய்த பதிவு

இது ஒரு பழைய ஆர்மோனியத்தைப் பிரித்து, ஒட்டி, சுருதி பார்த்த கதை. இசையைத் தொழிலாக வைத்திருந்தும் பாட்டுக் கேட்கவே பிடிக்காமல் போன நான், அதிலிருந்து எப்படி வெளியே வந்தேன் என்பதும் இதிலேயே வருகிறது. இரண்டும் ஒரே மாதங்களில், ஒரே மேஜையில் நடந்தவை. பெட்டி வேலையை மட்டும் தெரிந்துகொள்ள வந்தவர்கள் 'காற்று' என்ற தலைப்பிலிருந்து படிக்கலாம்.

முன்னால்

தொலைக்காட்சித் தொடர்களுக்குப் பின்னணி இசை போடுவது என் வேலை. வாரத்தில் ஆறு நாள் ஒளிபரப்பாகும் தொடர் என்றால், எடிட் முடிந்த எபிசோடு மாலையில் வரும். இரவுக்குள் இசை சேர்த்து மிக்ஸிங்குக்கு அனுப்ப வேண்டும். அழுகைக்கு ஒன்று, சதிக்கு ஒன்று, மாமியார் கதவைத் திறந்து நிற்பதற்கு ஒன்று என்று துண்டுகள் தயாராக இருக்கும். எடுத்து ஒட்ட வேண்டியதுதான். ஆரம்பத்தில் ஒவ்வொரு காட்சிக்கும் புதிதாக ஏதாவது செய்வேன். அப்புறம் "போன வாரம் போட்டதையே போடுங்க, அது நல்லா இருந்துச்சு" என்று சொல்லத் தொடங்கினார்கள். சில வருடங்களில் நானே அப்படிச் சொல்லத் தொடங்கினேன்.

ஒரு கட்டத்தில் கணினியைத் திறந்தாலே வயிற்றைப் பிசைந்தது. கூட வேலை செய்கிறவர்கள் மேல் காரணமில்லாத எரிச்சல். நான் செய்வது எதுவும் தேறாது என்ற எண்ணம் காலையிலேயே வந்து உட்கார்ந்துவிடும். ஆட்டோவில் பாட்டு ஓடினால் நிறுத்தச் சொல்வேன். மருத்துவர் முதலில் தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 எல்லாம் பார்க்கச் சொன்னார். எல்லாம் சரியாகவே இருந்தன. அடுத்து மனநல ஆலோசகரிடம் அனுப்பினார். அவர்தான் இதற்குப் பர்ன்அவுட் என்று பேர் சொன்னார். 1974-இல் நியூயார்க்கில் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர், இலவச மருத்துவமனையில் தன்னோடு உழைத்த தன்னார்வலர்கள் வற்றிப்போவதைப் பார்த்து இதைப் பற்றி எழுதினார். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இதை ஒரு நோயாக அல்லாமல், வேலையால் வரும் ஒரு நிலை என்று வரையறுத்தது. அதன் மூன்று முகங்கள்: சக்தி தீர்ந்துபோவது, வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோவது, தன்னால் எதுவும் உருப்படியாக முடியாது என்று தோன்றுவது. மூன்றும் எனக்கு இருந்தன.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நான் ஆர்மோனியத்தைத் தொடுவதற்கு முன்பே விடுப்பு எடுத்திருந்தேன், ஆலோசகரைப் பார்த்துக்கொண்டிருந்தேன், தூக்கம் ஓரளவு திரும்பியிருந்தது. பெட்டி வேலை சிகிச்சைக்கு மாற்று இல்லை. வாழவே வேண்டாம் என்று தோன்றும் அளவுக்கு யாருக்காவது இருந்தால், முதலில் 14416-க்கு அழையுங்கள். டெலி மானஸ், அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.

தூக்கம் திரும்பியது, சாப்பாடு இறங்கியது, ஆனால் இசை திரும்பவில்லை. ஓய்வு எடுத்தால் எல்லாம் தானாக வரும் என்று பலரும் சொன்னார்கள். களைப்பு போனது. அந்த இடத்தில் வேறு எதுவும் வரவில்லை. என்ன செய்ய விருப்பம் என்று ஆலோசகர் கேட்டபோதெல்லாம் என்னிடம் பதிலே இல்லை.

பெட்டி வந்த வழி

என் தாய்மாமா புதுக்கோட்டைப் பக்கம் ஸ்பெஷல் நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசித்தவர். அந்த நாடகத்தைப் பார்க்காதவர்களுக்காக: சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து நாடகங்களை ஊர்த் திருவிழாக்களில் விடிய விடிய நடத்துவார்கள். நடிகர்கள் ஒரே குழுவாக இருக்க மாட்டார்கள். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து, ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து, பபூன் வேறெங்கோ இருந்து வருவார். ஒத்திகை கிடையாது. மேடை ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் ஆர்மோனியக்காரர்தான் எல்லோரையும் கட்டி இழுக்க வேண்டும். திரைக்குப் பின்னாலிருந்து பாடிக்கொண்டே வருபவரின் சுருதியை அந்த நொடியிலேயே பிடித்துவிட வேண்டும். மாமா அதில் கெட்டிக்காரர் என்று ஊரில் சொல்வார்கள்.

மாமா காலமான பிறகு பெட்டி திருமயத்தில் அத்தை வீட்டுப் பரணில் கிடந்தது. பொங்கலுக்குப் போயிருந்தபோது அத்தைதான் எடுத்துக் கொடுத்தார்கள். "கொண்டு போ ஆத்தா. இங்க கிடந்தா பூச்சிதான் திங்கும். வாசிக்காட்டியும் தொடச்சாவது வை."

தொடச்சாவது வை. அந்த நிலையில் என்னிடம் யாரும் கேட்காத அளவுக்குச் சின்ன வேலை அது. அதனால்தான் சரி என்றேன்.

பெட்டி 39 கட்டை (விரலால் அழுத்துபவை), இரட்டை ரீடு (காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் பித்தளை நாக்கு). அதாவது ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு ஸ்தாயி (ச-விலிருந்து மேல் ச வரை) இடைவெளியில் இரண்டு ரீடுகள், மொத்தம் 78. இது தவிர சுருதிக்கென்று தனியாக இழுக்கும் குமிழ்கள் ஐந்து. தேக்கு உடம்பு. முன்பலகையில் பெயர் எழுதியிருந்த தடம் இருந்தது, எழுத்து அழிந்துவிட்டது.

காற்று

நீண்ட நாள் கிடந்த பெட்டியை எடுத்தவுடன் துருத்தியை அடித்துப் பார்க்கத்தான் கை போகும். அதை மட்டும் செய்யக் கூடாது. உள்ளே படிந்திருக்கும் தூசி, பூச்சித் தோல், கம்பளித் துணுக்கு எல்லாம் காற்றோடு கிளம்பி ரீடின் இடுக்கில் போய் உட்காரும். ரீடின் நாக்குக்கும் சட்டத்துக்கும் நடுவில் இருப்பது முடியிழை நுழையும் இடைவெளி. ஒரு துணுக்கு போதும், ஊமையாகிவிடும். முதலில் மேல்மூடியைத் திறந்து, மெல்லிய பிரஷ்ஷால் கூட்டி, வாக்குவம் கிளீனரின் வாயில் மஸ்லின் துணி கட்டி உறிஞ்ச வேண்டும். துணி கட்டுவது, சின்னத் திருகோ ஸ்பிரிங்கோ உள்ளே போனால் பிடித்துக்கொள்ள.

அப்புறம்தான் காற்றுச் சோதனை. கையால் அடிக்கும் வெளித்துருத்தி காற்றை உள்ளே தள்ளுகிறது. பெட்டியின் அடியில் இன்னொரு துருத்தி இருக்கிறது. அதை ஸ்பிரிங் மேலே அழுத்திக்கொண்டே இருக்கும். காற்றைச் சேர்த்து வைத்து ஒரே சீராக ரீடுக்கு அனுப்புவது அந்த உள்துருத்திதான். எல்லாக் குமிழ்களையும் மூடிவிட்டுத் துருத்தியை நிறைய அடியுங்கள். கட்டை எதையும் தொடாமல் காற்று எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பாருங்கள். அடுத்து, சுருதிக் குமிழ்களை மூடியே வைத்து, ரீடுகளுக்குக் காற்று விடும் குமிழ்களை மட்டும் திறந்து அதையே செய்யுங்கள். மூடியிருக்கும்போதே காற்று இறங்கினால் ஓட்டை துருத்தியிலோ பெட்டியின் இணைப்பிலோ இருக்கிறது. மூடியிருக்கும்போது நின்று, திறந்தால் இறங்கினால் கட்டைகளின் அடியில் இருக்கும் மூடிகள் சரியாக அடைக்கவில்லை. இந்த ஒரு சோதனை பாதி வேலையைக் காட்டிக்கொடுத்துவிடும்.

எங்கள் பெட்டி இரண்டிலுமே தோற்றது. மூடியபடியே இரண்டு மூச்சு விடுவதற்குள் காற்று போனது. திறந்தால் அதுவும் இல்லை. கட்டையைத் தொடாமலே நாலைந்து சுரம் சேர்ந்து முனகியது.

துருத்தியின் ஓட்டையைக் கண்டுபிடிக்க இருட்டறை போதும். துருத்தியைக் கழற்றி, உள்ளே செல்போன் டார்ச்சை எரியவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு மெதுவாக விரித்துப் பார்த்தேன். மடிப்புகளின் மூலைகளில் வெளிச்சம் ஊசி ஊசியாகத் தெரிந்தது. நடுப்பகுதி அட்டையும் துணியும் நன்றாகவே இருந்தன. மடங்கி மடங்கித் தேய்வது மூலைதான். பெட்டியின் பலகை இணைப்புகளுக்கு ஊதுபத்தி. மூட்டு ஓரமாகப் பிடித்துத் துருத்தியை அடித்தால், கசியும் இடத்தில் புகை சட்டென்று விலகும். நெருப்பை மரத்துக்கும் தோலுக்கும் ஒட்டிப் பிடிக்காமல் ஒரு விரற்கடை தள்ளியே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒட்டுவதற்கு என்ன பசை என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. வச்சிரம்தான். தச்சர்கள் பயன்படுத்தும், விலங்குத் தோல் எலும்பிலிருந்து காய்ச்சும் பசை. துகளாகக் கிடைக்கும். இரவெல்லாம் தண்ணீரில் ஊறவைத்து, நேரடியாக அடுப்பில் வைக்காமல் சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு கிண்ணத்தை வைத்து உருக்க வேண்டும். கொதித்தால் பிடிப்பு போய்விடும். நாற்றம் அடிக்கும், வேலை மெதுவாகத்தான் நகரும். வெள்ளைப் பசை வாங்கினால் அரை மணியில் முடிந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் வச்சிரத்தைச் சூடும் ஈரமும் காட்டி மறுபடி கழற்றலாம். இன்னும் முப்பது வருடம் கழித்து இந்தத் துருத்தியைப் பிரிக்கப் போகிறவருக்கு அது பெரிய உபகாரம். மாமாவுக்கு முன்னால் யாரோ அப்படி ஒட்டியிருந்ததால்தான் என்னாலும் கிழிக்காமல் பிரிக்க முடிந்தது.

மூலைகளுக்கு மெல்லிய ஆட்டுத்தோல். ஓரங்களைச் சீவி மெலிதாக்கி ஒட்டினால்தான் துருத்தி முழுசாக மடங்கும். ஒரு மூலை ஒட்டினால் இரவு முழுக்க விட்டுவிட வேண்டும். அவசரப்படுத்த வழியே இல்லை.

அந்தக் காத்திருப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். பல வருடமாக என் வேலையில் காத்திருப்பு என்பதே இல்லை. அனுப்பு, திருத்து, மறுபடி அனுப்பு. இங்கே பசை காய்வதற்கு அதற்கென்று ஒரு நேரம் இருந்தது, அதை யாரிடமும் நான் விளக்க வேண்டியதில்லை. காலையில் எழுந்ததும் விரலால் தொட்டுப் பார்ப்பேன். பிடித்திருக்கும், அல்லது பிடித்திருக்காது. நல்லா இருக்கா என்று யாரையும் கேட்காமல் எனக்கே தெரிகிற ஒரு பதில். அது எனக்கு எவ்வளவு தேவைப்பட்டிருக்கிறது என்று கிடைத்த பிறகுதான் புரிந்தது. காலையில் சீக்கிரம் எழ ஆரம்பித்ததும் அந்த நாட்களில்தான்.

வேலை தொடங்கும்போதே ஒரு முடிவு எடுத்திருந்தேன்: படம் எடுத்து எங்கும் போடுவதில்லை, முடியும்வரை எதையும் பதிவு செய்வதில்லை. பார்ப்பவர் ஒருவர் வந்துவிட்டால் இதுவும் எபிசோடு ஆகிவிடும் என்று பயந்தேன். எந்தத் திருகு எங்கே இருந்தது என்பதற்காக மட்டும் ஒரு நோட்டில் படம் வரைந்துகொண்டேன். கழற்றிய திருகுகளை அட்டையில் துளை போட்டு அதே வரிசையில் குத்தி வைப்பது மிக நல்ல பழக்கம். ஒரே மாதிரி இருக்கும், நீளம் வேறாக இருக்கும்.

மூடிகள்

இது அலுப்பான வேலை, சுருக்கமாகச் சொல்கிறேன். கட்டையை முன்னால் அழுத்தினால் அதன் பின்முனை எழும்பி, ரீடு பலகையின் துளை திறக்கும். பின்முனையின் அடியில் ஒட்டியிருக்கும் கம்பளித் துணியையும் தோலையும் பூச்சி அரித்திருந்தது. முனகல் அதனால்தான். முப்பத்தொன்பதையும் பிய்த்துப் புதிது ஒட்டினேன். தோலின் மெத்தென்ற பக்கம் துளையைப் பார்த்து இருக்க வேண்டும். தளர்ந்த ஸ்பிரிங்குகளைக் கொஞ்சம் விரித்துவிட்டேன்; ரொம்ப விரித்தால் கட்டை கல் மாதிரி ஆகிவிடும். மறுபடி காற்றுச் சோதனை. நின்றது. நன்றாகவே நின்றது.

ரீடு

ரீடு பலகையைத் தூக்கித் திருப்பிப் போட்டால் 78 பித்தளை ரீடுகளும் வரிசையாகத் தெரியும். பித்தளைச் சட்டத்தில் ஒரு நீள வெட்டு, அதன் மேல் ஒரு முனையில் மட்டும் ரிவெட் அடித்த ஒரு நாக்கு. காற்று போகும்போது நாக்கு அந்த வெட்டுக்குள் போய்வந்து அதிர்கிறது. அவ்வளவுதான் ஆர்மோனியம். நீளமான நாக்கு கீழ்ச் சுரம், குட்டையானது மேல் சுரம்.

ஊமையாக இருந்தவை பெரும்பாலும் தூசிதான். நாக்கை மெதுவாக உயர்த்தி, அடியில் மெல்லிய காகிதத் துண்டை நுழைத்து இழுத்தால் வந்துவிடும். கரகரவென்று பேசியவற்றில் நாக்கு ஒரு பக்கம் சாய்ந்து சட்டத்தில் உரசியது. ரிவெட் பக்கம் மெல்லத் தட்டி நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். தாமதமாகப் பேசினால் நாக்கின் நுனி ரொம்ப உயர்ந்திருக்கிறது. பலமாக அடித்தால் அடைத்துக்கொண்டால் நுனி ரொம்பத் தாழ்ந்திருக்கிறது. நாக்கின் தடிமன் அளவுக்கு நுனி உயர்ந்திருந்தால் சரி. பித்தளையைப் பளபளப்பாக்கும் திரவம் எதையும் ரீடு பக்கம் கொண்டுவராதீர்கள். மிச்சம் நிற்கும் பிசுக்கு சுருதியையே மாற்றிவிடும். பச்சை பிடித்த இடங்களில் உலர்ந்த பிரஷ் போதும்.

சுருதி பார்க்கும் வேலை வந்தபோது துணிச்சல் வரவில்லை. இங்கே சுரண்டுவது திரும்ப வராது. நாக்கின் நுனிப் பக்கம் சுரண்டினால் எடை குறைந்து சுருதி ஏறும். ரிவெட் பக்கம் சுரண்டினால் பலம் குறைந்து சுருதி இறங்கும். எப்படியும் உலோகம் குறைகிறது. ரொம்பப் போனால் ரீடு ஒடியும். அதனால் திருவல்லிக்கேணியில் பெட்டி வேலை பார்க்கும் ஒரு பெரியவரிடம் போனேன். பழைய ரீடு ஒன்றைக் கொடுத்துச் சுரண்டிப் பழகச் சொன்னார். "காதுல கேளும்மா, செல்லுல பாக்காத" என்றார்.

இரண்டு ரீடுகள் ஏறத்தாழ ஒரே சுருதியில் இருந்தால், சேர்ந்து ஒலிக்கும்போது ஓர் அலை கேட்கும். ஒன்று 440, இன்னொன்று 442 என்றால் நொடிக்கு இரண்டு அலை. நெருங்க நெருங்க அலை நீளும், சேரும்போது நின்றுவிடும். இதைப் புத்தகத்தில் படித்திருக்கிறேன், கணினியில் எத்தனையோ முறை வரைபடமாகப் பார்த்திருக்கிறேன். காதால் காத்திருந்து கேட்டதே இல்லை. ஒரு சுரண்டல், பலகையை மாட்டு, துருத்தியை அடி, கேள். கழற்று, இன்னொரு சுரண்டல். இப்படி ஒரு பகல் முழுக்கப் போனது. சாயங்காலம் தெருவில் ஏதோ கடையில் ஓடிய நாதஸ்வரம் கேட்டது. ஜன்னலைச் சாத்தவில்லை. அதைக் கேட்டுக்கொண்டே நின்றேன், அதில் வாசித்தவர் காந்தாரத்தை எங்கே பிடிக்கிறார் என்று கவனித்துக்கொண்டு.

பர்ன்அவுட்டிலிருந்து வெளியே வருவதைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் படைப்பதைப் பற்றியே பேசுகிறார்கள். ஏதாவது எழுது, வரை, போடு என்கிறார்கள். எனக்குக் கேட்பதுதான் முதலில் திரும்பியது. படைக்கச் சொல்லி என்னை இன்னும் கொஞ்சம் தள்ளியிருந்தால் அதுவும் வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

சி, எஃப், ஜி

எல்லா ரீடையும் ஒருமுறை அளந்து நோட்டில் குறித்துக்கொண்டேன். பெரும்பாலானவை சில சென்ட் இப்படி அப்படி இருந்தன. ஒரு அரைச் சுரத்தை நூறாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு சென்ட். ஆனால் மூன்று சுரங்கள் மட்டும் தனியாக நின்றன: சி, எஃப், ஜி. எல்லா ஸ்தாயியிலும், இரண்டு வரிசை ரீடிலும், பக்கத்துச் சுரங்களைவிடப் பத்துப் பதினைந்து சென்ட் தாழ்ந்திருந்தன.

பழைய ரீடு உலோகம் தளர்ந்து இறங்குவது சகஜம். ஆனால் அது இப்படிச் சுரம் பார்த்து இறங்காது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அந்த ரீடுகளில் மட்டும் ரிவெட் பக்கம் மெல்லிய கீறல்கள், எல்லாம் ஒரே கோணத்தில், ஒரே கையின் வேலை. யாரோ வேண்டுமென்றே இறக்கியிருக்கிறார்கள்.

கணக்கு அன்றிரவு பிடிபட்டது. கீபோர்டில் நாம் கேட்கும் சுரங்கள் ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காகப் பிரித்தவை. எந்தக் கட்டையிலிருந்தும் பாடலாம் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. அதில் அந்தர காந்தாரம் (க) ஷட்ஜத்திலிருந்து (ச) 400 சென்ட். தம்புராவோடு சேர்ந்து பாடும் குரல் போய் நிற்கும் காந்தாரம் 386. பதினான்கு சென்ட் வித்தியாசம். அதே மாதிரி சதுஸ்ருதி தைவதம் (த) பதினாறு, காகலி நிஷாதம் (நி) பன்னிரண்டு கீழே இருந்தால்தான் ஷட்ஜத்தோடு அலையில்லாமல் சேரும். இப்போது எந்த ஷட்ஜத்துக்கு சி காந்தாரம், எஃப் தைவதம், ஜி நிஷாதம் என்று பார்த்தால் ஒன்றுதான் வரும்: ஜி ஷார்ப். பாடுகிறவர்கள் சுருதியின் உயரத்தையும் கட்டை என்றே சொல்வார்கள், சி ஒரு கட்டை. அந்தக் கணக்கில் இது 5½ கட்டை.

பெட்டி கெட்டுப்போய் அப்படி ஆகவில்லை. 5½ கட்டைக்கென்று சுருதி செய்து வைத்திருக்கிறது.

ஆர்மோனியத்தின் மேல் நம் ஊரில் பெரிய வழக்கே நடந்திருக்கிறது. பாரிசில் 1840-களில் அலெக்சாந்தர் தபேன் காப்புரிமை வாங்கிய பெட்டி காலால் மிதித்து வாசிப்பது. தரையில் உட்கார்ந்து ஒரு கையால் துருத்தி போட்டு மறுகையால் வாசிக்கும் வடிவத்தைக் கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ் 1875-இல் செய்தார் என்பார்கள். கமகம் (சுரத்தை அசைத்து வளைப்பது) வராது, சுரங்கள் நம் சுரங்கள் இல்லை என்று சொல்லி அகில இந்திய வானொலி 1940-இல் அதைத் தடை செய்தது. 1971-இல்தான் அந்தத் தடை தளர்ந்தது. கமகம் வராது என்பது உண்மை, அதற்கு மருந்து இல்லை. ஆனால் சுரம் நம்முடையது இல்லை என்ற குறைக்குப் புதுக்கோட்டைப் பக்கத்தில் ஒருவர் ஒரு சின்ன அரத்தை வைத்துக்கொண்டு தன் அளவில் பதில் சொல்லியிருக்கிறார்.

ஆனால் ஒன்று இடித்தது. நாடகத்தில் ஒவ்வொரு நடிகரும் ஒவ்வொரு சுருதியில் வருவார். ஒரே கட்டைக்குச் சரிசெய்த பெட்டியை வைத்துக்கொண்டு அங்கே என்ன செய்ய முடியும்? அத்தைக்குப் போன் போட்டேன்.

"அது மேடைப் பெட்டி இல்ல ஆத்தா. மேடைப் பெட்டிய அப்பவே வித்தாச்சு. இது வீட்டுப் பெட்டி. சாயங்காலம் நான் பாடுவேன்ல, அதுக்குப் பண்ணி வச்சது. என்னமோ தட்டிக்கிட்டும் சுரண்டிக்கிட்டும் கெடந்தாரு ஒரு மழைக்காலம் பூரா."

அத்தை பாடுவார்கள் என்பதே எனக்குத் தெரியாது. அத்தையின் சுருதி 5½ கட்டை.

முடிவு செய்தது

திருவல்லிக்கேணிப் பெரியவரிடம் சொன்னேன். அவர் தயங்கினார். "எல்லாக் கட்டைக்கும் பொதுவா வச்சுத் தர்றேம்மா. அந்த மூணு சுரத்தையும் ஏத்திட்டா போதும். இல்லேன்னா வேற சுருதிக்குப் போனா இடிக்கும், வேற வாத்தியத்தோட சேராது." அவர் சொன்னது நியாயம். ஒரு கட்டையில் இந்தப் பெட்டி தேனாக இருக்கும், பக்கத்துக் கட்டைக்குப் போனால் பல்லைக் கூசும். விற்க நினைத்தால் யாரும் வாங்க மாட்டார்கள். என் தொழிலுக்கும் உதவாது.

என் தொழில் முழுக்கப் பொதுவாக வைப்பதுதான். எந்தக் காட்சிக்கும் பொருந்தும், எந்த நடிகருக்கும் பொருந்தும், எந்த மொழியில் டப் செய்தாலும் பொருந்தும் இசை. அதில் நான் தேர்ந்தவள். அத்தனை வருட வேலையில் இது இன்னாருக்கு என்று நான் செய்தது ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. மாமா ஒரு மழைக்காலம் முழுக்க ஒரே ஒருவரின் குரலுக்காகப் பித்தளையைச் சுரண்டியிருக்கிறார். அதை அழித்து மறுபடி பொதுவாக்க எனக்கு மனம் வரவில்லை.

அப்படியே விட்டேன். சுரம் தப்பியிருந்த மற்ற ரீடுகளை மட்டும் 5½ கட்டைக்குச் சேர்த்துச் சரிசெய்தேன். சுருதிக் குமிழ்களில் ஜி ஷார்ப்பும் டி ஷார்ப்பும் இருந்தன, அதாவது ஷட்ஜமும் பஞ்சமமும். இரண்டையும் இழுத்துவிட்டு அதன் மேல் சி-யை வைத்தேன். சாதாரண கீபோர்டில் நடு சி-யையும் அதற்குக் கீழே உள்ள ஜி ஷார்ப்பையும் சேர்த்து அழுத்தினால் நொடிக்கு எட்டு முறைக்கு மேல் ஓர் அதிர்வு கேட்கும். பழகியதால் நமக்கு அது தெரிவதில்லை. இங்கே அந்த அதிர்வு இல்லை. இரண்டு சுரமும் ஒன்றுக்குள் ஒன்று போய் உட்கார்ந்தன. ரொம்ப நேரம் அதையே அடித்துக்கொண்டிருந்தேன். பிறகு ரிஷபம், மத்யமம் என்று கை தானாக நகர்ந்தது. ஒரு மெட்டு வந்தது. யாரும் கேட்காமல் வந்த மெட்டு.

மறுநாள் கணினியைத் திறந்தேன். இன்றைய மென்பொருள் சின்தசைசர்கள் பலவற்றில் ஒவ்வொரு சுரத்தையும் சென்ட் கணக்கில் நகர்த்தும் வசதி உண்டு. இத்தனை வருடத்தில் அந்தப் பக்கம் நான் போனதே இல்லை. சி 14, எஃப் 16, ஜி 12 என்று இறக்கி வைத்தேன். கணினியும் பெட்டியும் சேர்ந்தன. வயிறு பிசையவில்லை.

வேலையையும் மாற்றினேன். தினத்தொடர் வேலையை விட்டுவிட்டேன்; வருமானம் குறைந்தது, அதைச் சமாளிக்கச் சேமிப்பில் கை வைக்க வேண்டியிருந்தது, இது எல்லோராலும் முடியாது என்று தெரியும். விளம்பரங்கள், ஓர் ஆவணப்படம் என்று அளவான வேலைகளை மட்டும் எடுக்கிறேன். ஒப்புக்கொள்வதற்கு முன் ஒன்றைத்தான் கேட்கிறேன்: இதில் யாருடைய குரல் வருகிறது? அந்தக் குரலைக் கேட்டு, அதன் சுருதியைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் முதல் சுரம் வைக்கிறேன். பேச்சுக்குரலுக்கும் ஓர் இருப்பிடம் உண்டு, கவனித்தால் பிடிபடும். இப்படிச் செய்வதில் நேரம் கூடுதலாகிறது. அதைச் சொல்லியே தேதி வாங்குகிறேன்.

மிச்சம்

கப்ளர் இன்னும் சரியாகவில்லை. ஒரு கட்டையை அழுத்தினால் அடுத்த ஸ்தாயிச் சுரத்தையும் கூடவே அழுத்தும் கம்பிகள் அவை. துருப்பிடித்து ஒன்றோடொன்று சிக்கியிருக்கின்றன. புதுக் கம்பி வளைக்க வேண்டும். வெளித்துருத்தியின் காற்று வாங்கும் தோல் மூடி ஒன்று பட்டென்று சத்தம் போடுகிறது. வாசிக்கும்போது தெரியாது, மைக் வைத்தால் தெரியும். அதற்கு மெல்லிய தோல் வாங்கி வைத்திருக்கிறேன்.

இரண்டும் முடிந்ததும் திருமயம் போகிறேன். அத்தை பாட ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். "மூச்சு நிக்காது, அரை அரை வரியாத்தான் வரும்" என்று சொல்லியிருக்கிறார்கள். அதனால் மெட்டில் நீளமான இடங்களை உடைத்து, அவர்கள் மூச்சு வாங்கும் இடங்களில் பெட்டி மட்டும் பேசுகிற மாதிரி மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டு மைக் போதும்: ஒன்று அத்தைக்கு, இன்னொன்று பெட்டிக்குத் துருத்தியின் எதிர்ப்பக்கம் கொஞ்சம் உயரத்தில், காற்று நேராக அடிக்காதபடி. சாயங்காலம் வைத்துக்கொள்ளலாம் என்று அத்தை சொல்கிறார்கள். பகல் வெயிலில் ரீடின் சுருதி கொஞ்சம் நகரும் என்பதால் எனக்கும் அதுதான் வசதி.